எக்ஸ் சர்வர் 7ஆம் முனையத்தில் ஓடும்போது என் அமர்வு செயலில் இல்லை என்று காட்டப்படுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். டெபியன் லினக்ஸ் கணினியில் காட்சி மேலாளர் (வரைகலை உள்நுழைவுத் திரையைத் தரும் நிரல்) எதையும் நிறுவாமல், 1ஆம் மெய்நிகர் முனையத்தில் (கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப் விசைகளால் மாறிச்செல்லும் தனித்தனித் திரைகளில் ஒன்று) உள்நுழைந்து, பழைய வழக்கப்படி ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையோடு விடி7 (7ஆம் முனையம்) என்று சேர்த்து ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரைத் தொடங்குகிறேன். வரைகலைத் திரையை இயக்கும் எக்ஸ் சர்வர் ரூட் (நிர்வாகி) உரிமையுடன் ஓடுகிறது. திரையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், பென்டிரைவைத் திறக்கும்போதும் கணினியை நிறுத்தும்போதும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. உள்நுழைவு அமர்வுகளைக் காட்டும் லாகின்சிடிஎல் கட்டளை என் அமர்வின் நிலையை ‘ஆன்லைன்’ என்று மட்டுமே காட்டுகிறது. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலை உள்நுழைவு) வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அழுத்தினால், அதே அமர்வு ‘ஆக்டிவ்’ ஆகிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
காரணம் நீங்கள் கடைசியாகச் சொன்ன சோதனையிலேயே இருக்கிறது. நீங்கள் 1ஆம் முனையத்தில் உள்நுழைந்தபோது, உள்நுழைவுகளைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி சேவை உங்கள் அமர்வை அந்த முனைய எண்ணோடு பிணைத்துப் பதிவு செய்துவிட்டது. அதன்பின் எந்த முனையம் முன்னால் இருக்கிறது என்பதைக் கெர்னலிடமிருந்து (இயங்குதளத்தின் மையப்பகுதி) அறிந்து, அதற்குரிய அமர்வையே செயலில் உள்ளதாகக் கொள்கிறது. நீங்கள் எக்ஸ் சர்வரை 7ஆம் முனையத்துக்குக் கொண்டுபோனதால், அதன் கணக்கில் உங்கள் அமர்வு பின்னால் போய்விட்டது. முன்னால் இருக்கும் 7ஆம் முனையத்தில் எவரும் உள்நுழையவில்லை. எந்தச் செயலுக்கு யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட் சேவையின் விதிகள் செயலில் உள்ள அமர்வுக்குத் தரும் சலுகையை மற்ற அமர்வுகளுக்குத் தருவதில்லை என்பதால் கடவுச்சொல் கேட்கப்படுகிறது.

முதல் 6 முனையங்கள் உரைவடிவ உள்நுழைவுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், அடுத்து காலியாக இருந்த 7ஆம் முனையத்தை எக்ஸ் எடுத்துக்கொள்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. இன்று அதற்குத் தேவையில்லை. விடி7 என்பதை நீக்கிவிடுங்கள். இன்றைய ஸ்டார்ட்எக்ஸ், நீங்கள் உள்நுழைந்த முனையத்திலேயே சர்வரைத் தொடங்கும். 2014இல் வந்த 1.16ஆம் பதிப்பு முதல், எக்ஸ் சர்வர் திரை, விசைப்பலகை போன்ற சாதனங்களை லாகின்டியிடமிருந்தே பெற்று ரூட் உரிமை இல்லாமல் ஓட முடிகிறது. ஆனால், அதற்கும் சர்வர் அமர்வின் முனையத்திலேயே இருக்க வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. பாதுகாப்பு சார்ந்த ஒன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் என் பார்வையில் கடவுச்சொல் தொல்லையைவிட இதுதான் பெரிய குறை. இப்போதைய அமைப்பில் நீங்கள் திரையைப் பூட்டிவிட்டு எழுந்து சென்றாலும், அருகில் வருபவர் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அழுத்தி 1ஆம் முனையத்துக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்எக்ஸை கண்ட்ரோல்-சி கொண்டு நிறுத்தினால், உங்கள் பெயரில் திறந்த ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சிடும் இடம்) அவர் கைக்கு வந்துவிடும். திரைப்பூட்டு எக்ஸுக்குள் இருக்கும் ஒரு நிரல். எக்ஸுக்கு வெளியே உள்ள முனையத்தை அது காக்காது. முனையம் மாறும்போது கெர்னல் சர்வருக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது, சர்வர் திரையின் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு ஒப்புதல் தருகிறது, அவ்வளவுதான். திரை பூட்டியிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே, ஒரே முனையத்துக்கு மாறுவதோடு, எக்ஸெக் என்ற சொல்லை முன்னால் சேர்த்து ஸ்டார்ட்எக்ஸை இயக்குங்கள். ஷெல்லின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால், சர்வர் எந்தக் காரணத்தால் நின்றாலும் அமர்வும் முடிந்துவிடும்.

கேட்டவர்:
இரண்டையும் செய்தேன், அமர்வு ‘ஆக்டிவ்’ என்று வருகிறது, பென்டிரைவும் கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறது. மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: எக்ஸ்டெர்ம் என்ற முனையச் சாளரத்தில், முனையத்தின் பெயரைச் சொல்லும் டிடிஒய் கட்டளை 1ஆம் முனையத்தைக் காட்டாமல் பிடிஎஸ் என்று தொடங்கும் வேறொரு பெயரைத் தருகிறதே, லாகின்டி அதைத் தனி அமர்வாகக் கொள்ளாதா?

மறுமொழி 1:
கொள்ளாது. அது எக்ஸ்டெர்ம் கெர்னலிடம் கேட்டுப் பெறும் போலி முனையம். எக்ஸ் சர்வருக்கு அது எழுத்துகள் வரையப்பட்ட ஒரு சாளரம் மட்டுமே. ஒரு செயல்முறை எந்த அமர்வைச் சேர்ந்தது என்பதை லாகின்டி அதன் சிகுரூப்பைப் (கெர்னல் செயல்முறைகளைத் தொகுக்கும் குழு) பார்த்தே தீர்மானிக்கிறது. ஓப்பன்பாக்ஸிலிருந்து பிறந்த எக்ஸ்டெர்ம் உங்கள் உள்நுழைவின் சிகுரூப்பிலேயே இருக்கிறது.