முரசுமோட்டை அம்மா வீடு (குடும்பக் குழு)

பெரியக்கா: அம்மா நேற்றும் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. இனி நடுவிலாளின் இரண்டு பிள்ளைகளையும் பார்க்க அவவுக்கு ஏலாது. அவள் செத்து ஆறு மாதம், தகப்பன்காரனின் போன் இன்னும் வேலை செய்யவில்லை. சிறுவர் இல்லத்தில் விட்டால் சாப்பாடு, படிப்பு என்றாலும் கிடைக்கும்.

சின்னண்ணா (வவுனியா): எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

தம்பி (கனடா): எந்த இல்லம் என்று சொல்லுங்கோ. மாதாமாதம் காசு போடுகிறேன்.

நான்: அந்தக் காசை அம்மாவின் கணக்கில் போடடா. இந்த நாட்டு இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் கனபேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐநாவின் 2009 வழிகாட்டலிலேயே இருக்கிறது.

பெரியக்கா: 2008இல் எங்களை விட்டுவிட்டுக் கிளிநொச்சியால் வெளிக்கிட்ட அதே ஐநாவா? அவர்கள் வந்து இடியப்பம் அவிப்பார்களா?

மச்சாள்: ஒன்று கேட்கட்டுமா? அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே இல்லத்தில் எடுப்பார்களா?

பெரியக்கா: பெடியளுக்கு வேறு, பெட்டையளுக்கு வேறு.

மச்சாள்: முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு என்னையும் தம்பியையும் அப்படித்தான் பிரித்தார்கள். மாதம் ஒருக்கால் பார்க்க விடுவார்கள். பின்னேரம் தருகிற விசுக்கோத்தில் ஒன்றை அவனுக்கென்று எடுத்து வைப்பேன். அவன் வருகிற நேரம் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதையும் தட்டிவிட்டுத் தின்பான்.

மச்சாள்: எங்கள் இல்லத்தில் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சின்னண்ணா (வவுனியா): இதை என்னிடம் நீ சொன்னதே இல்லையே.

மச்சாள்: நீங்கள் கேட்டதில்லை.

நான்: நான் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடு கதைத்தேன். நீதிமன்றம் பிள்ளைகளை உறவுக்காரரிடமே ஒப்படைக்கலாமாம். ‘பிட் பேர்சன் ஓடர்’ என்கிறார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுப்பார், நீதவான் தீர்மானிப்பார். என் பெயரில் கேட்கப்போகிறேன். பிள்ளைகள் அம்மாவோடேயே இருக்கட்டும், நானும் அங்கே வந்துவிடுகிறேன். வேலைக்குக் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய் வரலாம்.

தம்பி (கனடா): அத்தான் குடித்துவிட்டு வந்து, பிள்ளைகளைத் தா என்று வாசலில் நின்றால்?

நான்: சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடிப்பேன். அது இலவசம். ஓடரும் கையில் இருந்தால் பொலிசிலும் கதைக்கலாம்.

பெரியக்கா: அப்ப வீடு பார்க்க வருகிறவருக்கு அந்த ஒழுகுகிற கூரையையா காட்டப்போகிறாய்? கனடாக்காரனின் முதல் காசு தகரத்துக்கு.

தம்பி (கனடா): எத்தனை தகரம் அக்கா?

பெரியக்கா: ஆறு. வவுனியாக்காரன் ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வரட்டும். நடுவிலாளின் மரணச் சான்றிதழ் என் அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் பார். சின்னவளுடையது தண்ணீர் பட்டு எழுத்து அழிந்துபோயிருக்கும், புதுப்பிரதி எடுக்க வேண்டும்.