மைக் கான்லியின் பழைய ஆட்டங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

மூலை_மூன்று:
நான் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்ததே மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸுக்காகத்தான். ஆனால் 2023-24 சீசன் முடிவதற்குள் என் கண் கொஞ்சம் கொஞ்சமாக மைக் கான்லி பக்கம் போய்விட்டது. ஆட்டத்துக்கு 11 புள்ளி எடுத்த 36 வயது பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), ஆறடிக்குச் சற்றே மேல் உயரம், டங்க் இல்லை, கத்தல் இல்லை. ஆனாலும் அவர் தரையில் இருக்கும்போது மினசோட்டா ஒரு அணியாக ஆடியது, அவர் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு ஒரு திசையில் போனார்கள். அந்த வருடம் டென்வருக்கு எதிரான பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) தொடர் ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் வலியால் கான்லி ஆடவில்லை, தோற்றோம். ஆறாவதில் திரும்பி வந்தார், 115-70 என்று 45 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். முழுக்க அவரால்தான் என்று சொல்ல மாட்டேன், எல்லாருமே அன்று வெறியோடுதான் ஆடினார்கள். ஆனால் பந்து யார் கைக்கு எப்போது போக வேண்டும் என்ற குழப்பம் அன்று இல்லவே இல்லை.

மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியில் ஆடிய காலத்திலிருந்து அவரைப் பார்த்தவர்கள் "இவருக்கு உரிய பெயர் கிடைக்கவே இல்லை" என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஏன் அப்படி? பழைய ஆட்டங்களில் எதைத் தேடிப் பார்க்கலாம்? ஹைலைட் வீடியோக்கள் பார்த்தேன், அவற்றில் ஒன்றும் பிடிபடவில்லை.

பழைய_கிரிஸ்லி:
ஹைலைட்டில் பிடிபடாது நண்பா, அவர் ஆட்டமே அப்படி. முழு ஆட்டமாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 2007 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) நாலாவதாக எடுக்கப்பட்டவர். அதே டிராஃப்டில் முதலில் போன கிரெக் ஓடன் இவருடைய பள்ளித் தோழர், ஓஹாயோ ஸ்டேட்டிலும் ஒன்றாக ஆடியவர். இரண்டாவது கெவின் டுரான்ட், மூன்றாவது அல் ஹார்ஃபோர்ட். இவர்களுக்குப் பக்கத்தில் பெயர் வந்தாலே ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மெம்ஃபிஸில் முதல் இரண்டு மூன்று வருடம் "வீணான தேர்வு" என்றே பேச்சு. கைல் லௌரி, கான்லி இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு மோதிக்கொண்டிருந்தார்கள், 2009 பிப்ரவரியில் லௌரியை ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டு அணி கான்லியை நம்பியது. 2010-ல் ஐந்து வருடத்துக்குச் சுமார் 4 கோடி டாலர் காண்ட்ராக்ட் கொடுத்தபோது விமர்சனம் பொரிந்து தள்ளியது. இரண்டே வருடத்தில் அது அணிக்குக் கிடைத்த பெரிய லாபமாக மாறியது.

அந்த மெம்ஃபிஸ் அணியைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஸக் ராண்டால்ஃப், மார்க் கசோல், டோனி ஆலன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான், மூன்று பேரும் அப்படிப்பட்ட ஆட்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரண்டு பெரிய ஆட்கள் ரிம்முக்கு (கூடை வளையம்) பக்கத்திலேயே நிற்கிறார்கள், டோனி ஆலனை வெளியே யாரும் காவல் காக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அவரால் தூரத்திலிருந்து போட முடியாது. உள்ளே நுழைய இடமே இல்லாத அந்த நெரிசலில் ஒரு சின்ன உருவம் பந்தைக் கொண்டுபோய் சரியான நொடியில் ராண்டால்ஃபின் இடது தோளுக்குச் சேர்க்க வேண்டும். இன்றைக்கு நாலு பேர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் காலத்தில் கார்டுகளுக்குக் கிடைக்கும் அகலமான வெளி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவருடைய ஃப்ளோட்டர் எறிதல் பிறந்தது அதனால்தான் என்பது என் எண்ணம். ரிம் வரை போக முடியாது, நின்று போடவும் நேரமில்லை, நடுவிலேயே மெல்லத் தூக்கிவிட வேண்டும். எறிவது இடது கையால், ஆனால் ஃப்ளோட்டர் மட்டும் வலது கையாலும் அதே மென்மையோடு விழும். எதிரே நிற்கும் சென்டருக்கு (ரிம்மைக் காக்கும் உயரமான ஆள்) எந்தக் கையை மறிப்பது என்றே தெரியாது.

2013 ஜனவரி கடைசியில் அணியின் இன்னொரு நட்சத்திரம் ரூடி கேயை டொராண்டோவுக்கு டிரேட் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டம் முழுதாக கான்லி, கசோல் கைக்கு வந்தது. அந்த வருடம் கிளிப்பர்ஸிடம் 0-2 என்று பின்தங்கி நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்தது, அப்புறம் ஓக்லஹோமாவை வீழ்த்தி மேற்கு (லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதி வரை போனது எல்லாம் இருக்கிறது. ஆல்-டிஃபென்ஸ் (சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள்) இரண்டாம் அணியிலும் அந்த வருடம் பெயர் வந்தது. அந்த கிளிப்பர்ஸ் தொடரிலிருந்து ஆரம்பியுங்கள்.

எட்டாம்_சீட்:
கிளிப்பர்ஸ் தொடர் நல்லதுதான், ஆனால் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் 2015-ஐத்தான் சொல்வேன். கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டாம் சுற்று, இரண்டாவது ஆட்டம், ஓக்லாந்தில்.

அதற்கு முந்தைய சுற்றில் போர்ட்லாண்டில் ஒரு முழங்கை இடித்து கான்லிக்கு முகத்தில் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் சிவந்து கிடந்த படங்கள் வந்தன, இந்த சீசன் அவ்வளவுதான் என்று நினைத்தோம். அடிபட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, முகமூடி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எதிரே யார்? அந்த ரெகுலர் சீசனில் சொந்த மைதானத்தில் 41 ஆட்டத்தில் இரண்டே தோல்வி கண்ட அணி. அன்றைக்கு அதே அரங்கில் அவர்கள் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரிக்கு எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருது கையில் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு இரவில் 22 புள்ளி எடுத்து 97-90 என்று ஜெயித்துக் கொடுத்தார். டோனி ஆலன் அன்று பந்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கத்தியதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, அதுவும் அருமையான காட்சிதான். ஆனால் பந்தைக் கொண்டுவரும்போது கான்லி முகத்தைப் பாருங்கள். வலி தெரிகிறது, அவசரம் தெரியவில்லை. தொடரை 4-2 என்று இழந்தோம், அந்த அணிதான் கடைசியில் கோப்பையும் எடுத்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, அந்த ஒரு ஆட்டம் போதும்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: 2017 முதல் சுற்று, ஸ்பர்ஸுக்கு எதிராக நாலாவது ஆட்டம். கவாய் லெனார்ட் 43 எடுக்கிறார், கான்லி 35 எடுக்கிறார், ஓவர்டைம் போய் கசோல் கடைசி நொடியில் போட்டு 110-108. கான்லியால் புள்ளி குவிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

பாக்ஸ்_ஸ்கோர்:
எனக்கும் கான்லியைப் பிடிக்கும், ஆனால் "உரிய பெயர் கிடைக்கவில்லை" என்பதில் எனக்கு ஒரு கேள்வி. 2016-ல் ஐந்து வருடத்துக்கு 15.3 கோடி டாலர் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் என்பிஏ வரலாற்றிலேயே பெரிய காண்ட்ராக்ட் அது. அணிகளுக்கு அவர் மதிப்பு தெரிந்தே இருந்தது. ஆல்ஸ்டார் (வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டம்) இடம் கிடைக்கவில்லை என்றால், மேற்கில் அப்போது இருந்த கார்டுகளை எண்ணிப் பாருங்கள்: கிறிஸ் பால், கரி, வெஸ்ட்புரூக், ஹார்டன், லில்லார்ட், டோனி பார்க்கர். யாரை எடுத்துவிட்டு இவரை வைப்பீர்கள்? 2016-லும் 2017-லும் லில்லார்டுக்கே இடம் கிடைக்கவில்லை.

பழைய_கிரிஸ்லி:
யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு 12 இடம்தான், அந்த வரிசை அப்படி. கிழக்குப் பிரிவு அணியில் ஆடியிருந்தால் இரண்டு மூன்று முறையாவது போயிருப்பார் என்பது மட்டும் உறுதியாகச் சொல்வேன். காண்ட்ராக்ட் விஷயம் வேறு. 2016-ல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து சம்பள உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலருக்கு ஒரேயடியாக ஏறியது, அந்தக் கோடையில் கையெழுத்துப் போட்ட எல்லாருக்குமே தொகை பெரிதாக வந்தது. அந்தத் தொகையே அவருக்குச் சுமையாகவும் ஆனது. "ஆல்ஸ்டாரே ஆகாதவனுக்கு இவ்வளவா" என்றுதான் வெளியே அவர் பெயர் தெரிந்தது.

நான் சொல்லும் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மெம்ஃபிஸ் லீக்கிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. ஒரு ஆட்டத்தில் பந்து கைக்கு வரும் முறையே குறைவு, அப்போது புள்ளியும் அசிஸ்டும் (புள்ளியாக மாறும் பாஸ்) குறைவாகத்தான் தெரியும். வேகமாக ஓடும் அணியின் கார்டு 9 அசிஸ்ட் எடுப்பதையும், மெதுவான அணியில் ஒருவர் 6 எடுப்பதையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்தே தீர்ப்பு சொன்னார்கள். டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) பத்தியை யாரும் பார்ப்பதில்லை. தொலையாத பந்துக்கு எந்த வீடியோவும் கிடையாது, யாரும் கை தட்டவும் மாட்டார்கள். 2023-24-ல், அந்த வயதில், ஆட்டத்துக்கு ஏறக்குறைய 6 அசிஸ்ட், 1.3 டர்ன்ஓவர், மூன்று புள்ளி எறிதலில் 45 விழுக்காட்டுக்கு மேல். இதைப் படித்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள்.

ஸ்க்ரீன்_செட்டர்:
யூட்டா ரசிகன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும், எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் டிரேடாகி எங்களிடம் வந்தார். முதல் வருடம் ஒட்டவே இல்லை, அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். 12 சீசன், 788 ஆட்டம் ஒரே ஊருக்காக ஆடிய மனிதர், புதிய அணியின் ஓட்டம் பழக நேரம் எடுக்கத்தானே செய்யும். 2020-21-ல் எல்லாம் கூடி வந்தது. 52-20, லீக்கிலேயே முதல் இடம். எங்கள் சென்டர் ரூடி கோபேர் ஸ்க்ரீன் (காவலரின் வழியை மறித்து நிற்பது) போட்டுவிட்டு ரிம்மை நோக்கி ஓடுவார், கான்லி ஒரு அடி எடுத்து வைத்து நிறுத்துவார், காவலர் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவார். கான்லி அவரை அப்படியே முதுகிலேயே பிடித்து வைத்திருப்பார், எதிர் சென்டர் ஒரு முடிவெடுக்கும் வரை. சென்டர் முன்னே வந்தால் பந்து மேலே கோபேருக்கு, பின்னே போனால் ஃப்ளோட்டர். இது இவ்வளவுதான், இது பதினைந்து வருடமாக எல்லாருக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியவில்லை. கோபேர் பிறகு மினசோட்டா போய் முதலில் தடுமாறி, 2023 பிப்ரவரியில் கான்லி அங்கே போனதும் நிமிர்ந்தது தற்செயல் இல்லை.

அந்த 2020-21-ல்தான் கான்லிக்கு முதல் ஆல்ஸ்டார், 14-வது சீசனில், டெவின் புக்கர் காயத்தால் விலகியதால். மூன்று புள்ளிப் போட்டியிலும் புக்கருக்குப் பதிலாகவே இறங்கி இறுதிச் சுற்று வரை போய் 27 எடுத்தார், கரி கடைசிப் பந்தைப் போட்டு 28 என்று முடித்தார். ஒரே ஒரு பந்து. அன்று முழு லீக்கும் அவருக்காகச் சந்தோஷப்பட்டது, எதிரணி ஆட்கள் உட்பட. பிளேஆஃபில்தான் மனம் உடைந்தது. தொடைத் தசை இழுத்துக்கொண்டு கிளிப்பர்ஸ் தொடரில் முதல் ஐந்து ஆட்டம் இல்லை, ஆறாவதில் வந்தார், அதோடு வெளியே போனோம். அவர் முழுதாக ஆடியிருந்தால் அந்தத் தொடர் எங்களுடையது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆள் எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீக்கின் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் விருதைப் பல முறை வாங்கியவர், சிறந்த சக வீரர் விருது இரண்டு முறை. அந்த இரண்டாவது விருதுக்கு ஓட்டுப் போடுவது ஆடும் வீரர்களே. அப்பா மைக் கான்லி சீனியர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டலில் தங்கம் வென்றவர், வீட்டிலேயே அந்த ஒழுங்கு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பாக்ஸ்_ஸ்கோர்:
மெதுவான அணி பற்றிச் சொன்னது சரிதான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று இல்லை, ஆனால் இவ்வளவு எடை கொடுக்கவில்லை. ஆல்ஸ்டார் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. டர்ன்ஓவர் விஷயத்தில் உங்கள் கட்சிதான்.

மூலை_மூன்று:
எல்லாருக்கும் நன்றி. 2015 ஓக்லாந்து ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டேன். எட்டாம்_சீட் சொன்ன அந்த முகம் உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று: கோல்டன் ஸ்டேட் வேகம் பிடிக்கப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் பந்தை வைத்துக்கொண்டு நடந்தே வருகிறார், கசோல் தன் இடத்துக்கு வந்து சேரும் வரை எதையும் தொடங்குவதில்லை. மினசோட்டாவில் எட்வர்ட்ஸுக்குச் செய்ததும் இதேதான், இப்போது புரிகிறது. அடுத்து 2013 கிளிப்பர்ஸ் தொடர், மூன்றாவது ஆட்டத்திலிருந்து பார்க்கப் போகிறேன். யூட்டா காலத்தில் ஒரு முழு ஆட்டம் சொல்ல வேண்டும் என்றால் எது, ஸ்க்ரீன்_செட்டர்? கோபேரோடு அந்த பிக் அண்ட் ரோல் (நீங்கள் சொன்ன ஸ்க்ரீன் ஆட்டம்) நிறைய வரும் ஆட்டமாக இருந்தால் நல்லது.