பனிச்சறுக்குல எத்தனை வகை? அவுலிக்குப் போகுமுன்ன கேக்கேன்

பாளை_குமார்: அண்ணாச்சிமாரே, பிப்ரவரியில நாலு பேரு உத்தராகண்ட்ல இருக்க அவுலிக்குப் பனிச்சறுக்கு படிக்கப் போறோம். ஆல்பைன், நார்டிக், டூரிங்னு என்னென்னமோ சொல்லுதாவ. என்ன வித்தியாசம்? புதுசா படிக்கவனுக்கு எது சரி?

தாமிரபரணிக்கரை: குதிகாலைப் பாருங்க, பாதி விளங்கிரும். ஆல்பைன்ல முன்காலும் குதிகாலும் பலகையோட பூட்டியிருக்கும். சரிவுல இறங்க மட்டுந்தான். நார்டிக்ல குதிகால் தூக்கும். சமதரையில நெடுந்தூரம் போகலாம். டெலிமார்க்னு இன்னொரு வகை, அதுல குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடக்கித் திரும்பணும். புதுசுக்கு அது வேண்டாம். டூரிங்னா பலகைக்கு அடியில ரோமப்பட்டையை ஒட்டி, குதிகாலை அவுத்துவிட்டு ஏறணும். உச்சியில பட்டையை உரிச்சிட்டுப் பூட்டி இறங்கணும்.

பேட்டை_மாமா: உமக்கு ஆல்பைன்தான்வே. பலகை நிமித்தி வச்சா தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல நிக்கணும். முக்கியமா பைண்டிங், அதான் பூட்ஸைப் பலகையோட பூட்டுத கொக்கி. எடை, உயரம், வயசு, பூட்ஸ் நீளம், பழக்கம் எல்லாத்தையும் வாடகைக் கடையில உள்ளபடி சொல்லணும். எடையைக் கூட்டிச் சொன்னா பைண்டிங் இறுகிரும். விழும்போது கழலாது, முட்டு ஜவ்வு கிழியும். குறைச்சாலும் தப்பு, நடுவழியில கழண்டுரும். பூட்ஸுக்குள்ள ஒரே சாக்ஸ். ரெண்டு போட்டா மடிப்பு விழுந்து கொப்புளம்.

நெல்லை_செல்வி: முத நாளே ஆப்பு வடிவத்துல நிப்பாட்டப் படிங்க: முனை கிட்ட, வால் அகல. பயத்துல பின்னால சாயக் கூடாது. முழங்காலுக்குக் கீழ உள்ள முன்னெலும்பு பூட்ஸ் நாக்குல அழுந்தணும், இல்லன்னா பலகை திரும்பாது. காஷ்மீர் குல்மார்க்ல மேல்சரிவுல உள்ள பொடிப்பனி பழகினவங்களுக்குத்தான். அங்க பனிச்சரிவு அபாயம் உண்டு.

பாளை_குமார்: சரி, ஆல்பைன்தான். சாக்ஸ் கம்பளியா, பருத்தியா?

பேட்டை_மாமா: கம்பளி. பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு வெறைச்சிரும்.