மௌசர் 98-க்குப் புதுப் பேரல் போட்டதில் சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் மௌசர் 98 ரைஃபிள், 7×57 தோட்டாவுக்கானது. இம்பாலா, பிளெஸ்பொக் மான் வேட்டைக்கு அவர் வேறொன்றைத் தொட்டதே இல்லை. பேரலின் (குழலின்) உள்வரிகள் தேய்ந்ததால் ஒரு பட்டறையில் புதுப் பேரல் மாட்டினேன். ஆயுதச் சட்டப்படி இங்கே பேரலே தனி முக்கிய பாகம் என்பதால் உரிமத் தாள்களெல்லாம் சரியாக இருக்கின்றன.

சிக்கல் இதுதான். சுட்ட தோட்டாக் கூடுகளில் அடி விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே தடவினால் அதே இடத்தில் பள்ளம் தட்டுகிறது. ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அதிகமாகிவிட்டது என்றே நினைக்கிறேன். கூடு அங்கே பிளந்தால் சூடான வாயு பின்னால் வரும். அதனால் சுடுவதை நிறுத்திவிட்டேன்.

பேரலைக் கழற்றி ஒரு முழுச் சுற்று பின்னுக்குத் தள்ளி, தோட்டா உட்காரும் அறையை மறுபடி வெட்டலாம் என்கிறார் நண்பர். முழுச் சுற்று என்றால் குறிமுள் மேலேயே நிற்கும், சரி. ஆனால் அங்குலத்துக்கு 12 புரி என்பதால் பேரல் 2.1 மி.மீ. பின்னால் போகும். கட்டையில் பேரல் படியும் குழியையும் திருத்த வேண்டுமா? மௌசரில் பேரலின் பின்முகம் ரிசீவரின் (பேரல் திருகும் உடற்பகுதியின்) உள்வளையத்தில் முட்டி நிற்க வேண்டும். பட்டறையில் அதைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார்களோ?

அப்புறம், டர்பன் பக்கம் 7×57-க்கு கோ, நோ-கோ கேஜ் (ஹெட்ஸ்பேஸ் அளக்கும் அளவிகள்) இரண்டும் வைத்திருக்கும், உரிமம் பெற்ற, துப்பாக்கி வேலையில் கைதேர்ந்தவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணன்மார்களே. ரிசீவரை முறுக்கிக் கெடுக்காதவராக இருக்க வேண்டும். அது அப்பாவுடையது.