பொருள்: ரான்ச், பிளான்டேஷன், ஆர்ச்சர்ட்: எல்லாமே பண்ணைதானா?

குழுவினருக்கு வணக்கம். வேளாண்மை தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஃபார்ம், ரான்ச் இரண்டுக்கும் பண்ணை என்றே போட்டுவிடலாம். வேண்டுமானால் ரான்ச்சுக்கு மட்டும் கால்நடைப் பண்ணை.

இதில் எனக்கு உடன்பாடில்லை. கால்நடைப் பண்ணை என்றால் கொட்டிலில் கட்டிவைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பதும் அதற்குள் அடங்கிவிடும். ரான்ச்சுக்கு உயிர்நாடியே மேய்ச்சல். மழை குறைந்த, உழுது பயிரிடத் தோதில்லாத பரந்த புல்நிலம். அதில் மாடோ செம்மறியோ தானே மேய்ந்து திரியும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்று பார்ப்பவர் ஃபார்ம்காரர். ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பார்ப்பவர் ரான்ச்காரர். இந்த ஒரு வேறுபாடு சொல்லில் தெரிந்தாலே போதும். அதனால் என் பரிந்துரை: மேய்ச்சல் பண்ணை.

> ஆநிரைப் பண்ணை என்றால் அழகாக இருக்குமே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆநிரை என்றால் பசுக்கூட்டம். செம்மறி வளர்க்கும் ரான்ச் வந்தால் என்ன செய்வது? நடத்துபவரைப் 'பண்ணையார்' என்றும் எழுத வேண்டாம். அந்தச் சொல்லோடு கூடவே கைகட்டி நிற்கும் பண்ணையாளும் வந்துவிடுவார். மேய்ச்சல் பண்ணையாளர் போதும்.

இதையே ஆஸ்திரேலியாவில் ஸ்டேஷன் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'மாட்டு நிலையம்' என்று பெயர்த்தால், டிக்கெட் எடுத்துக்கொண்டு மாடு வரிசையில் நிற்பது போல ஆகிவிடும். தென் ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் ஸ்டேஷன் 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. அளவு எப்படியிருந்தாலும் தொழில் ஒன்றே என்பதால் இதற்கும் மேய்ச்சல் பண்ணைதான். மூலத்தில் வேறு சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்று புதிதாகப் படைக்க வேண்டியதில்லை.

புதிதாகப் படைக்க வேண்டியது ஃபீட்லாட்டுக்குத்தான். மேய்ந்து வளர்ந்த மாடுகளைக் கடைசிச் சில மாதங்கள் வேலியடைப்புக்குள் நெருக்கமாக நிறுத்தி, மக்காச்சோளம் போன்ற தானியம் கொடுத்து எடையேற்றும் இடம் அது. பட்டி என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. தீவனப்பட்டி என்றால் கேட்டவுடன் விளங்கும். மேய்ச்சல் பண்ணையிலிருந்து தீவனப்பட்டிக்கு, அங்கிருந்து இறைச்சிக்கூடத்துக்கு என்று அந்தத் தொழிலின் வரிசையையும் இனி தமிழிலேயே தடுமாறாமல் சொல்லிவிடலாம்.

அடுத்தது பிளான்டேஷன். வேளாண் பாடநூல்களில் 'மலைத்தோட்டப் பயிர்கள்' என்று ஒரு வழக்கு உண்டு. தேயிலைக்கும் காப்பிக்கும் பொருந்தும். தென்னையும் முந்திரியும் அதே பட்டியலில்தான் வருகின்றன, அவை எந்த மலையில் ஏறின? இலங்கையில் நெடுங்காலமாகப் பெருந்தோட்டம் என்கிறார்கள். பெரிய பரப்பு, ஒரே பயிர், கூலியாட்கள், விற்பனைக்கான விளைச்சல் என்ற பொருளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதையே எடுத்துக்கொள்வோம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று எதற்கு இரண்டு? ஒரு எச்சரிக்கை மட்டும். வரலாற்று நூல்களில் 1609-இல் தொடங்கிய அல்ஸ்டர் பிளான்டேஷன் வரும். அங்கே நடப்பட்டவர்கள் மனிதர்கள். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து அயர்லாந்தில் அமர்த்திய வேலை அது. அதற்குக் குடியேற்றம் என்றே எழுத வேண்டும்.

ஆர்ச்சர்டுக்குப் பழத்தோட்டம் என்று அகராதிகள் தருகின்றன. திராட்சைத் தோட்டமும் பழத்தோட்டம்தானே? ஆர்ச்சர்டில் இருப்பவை மரங்கள். பழமரமோ, வாதுமை போன்ற கொட்டைமரமோ, மனிதர் நட்டு வளர்த்தவை. மரம் என்றால் நம் வாயில் தோப்புதான் வரும். திராட்சைத் தோப்பு என்று யாரும் சொல்வதில்லை. (வாழைக்கு மட்டும் தோப்பு, தோட்டம் இரண்டும் வழங்குகின்றன. அது தாவரவியல்படி மரமே இல்லை என்பது பேசுகிறவர்களுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்குமோ என்னவோ.) குரோவ் தானாக முளைத்த மரக்கூட்டத்தையும் குறிக்கும், நட்டதையும் குறிக்கும், ஆரஞ்சுக்கும் ஆலிவுக்கும் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. எனவே ஆர்ச்சர்டு பழத்தோப்பு. குரோவ் நட்டதானால் தோப்பு, தானாக வளர்ந்ததானால் மரக்கூட்டம்.

மெடோ, பாஸ்ச்சர் இரண்டையும் புல்வெளி என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். பாஸ்ச்சரில் மாடு போய் மேயும். மெடோவில் புல்லை வளரவிட்டு அறுத்துக் காயவைத்து, மாடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். மேய்ச்சல் நிலம், அறுபுல் நிலம் என்று பிரித்துவிடலாம். அப்படிக் காயவைத்த புல்தான் ஹே. அதற்கு வைக்கோல் என்று எழுதுவது எனக்குப் பெரிய உறுத்தல். கதிரடித்தபின் மிஞ்சும் தாள் வைக்கோல். அதில் சத்து குறைவு. ஹே சத்துள்ள நிலையிலேயே அறுக்கப்படுவது. உலர்புல் என்று மாற்றாவிட்டால், கால்நடைத் தீவனம் பற்றிய கட்டுரையே தப்பாகிவிடும்.

கடைசியாக ஃபார்ம். பண்ணை என்பதில் மாற்றமில்லை. மீன், கோழி, காற்றாலை வரைக்கும் அது தாங்குகிறது. ஆனால் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல்லின் பொருள் நிலம் அல்ல, நிலையாகக் கட்ட வேண்டிய தொகை. அதாவது நம் குத்தகை. அந்தப் பழம்பொருள் 'டாக்ஸ் ஃபார்மர்' என்பதில் இன்னும் இருக்கிறது. அரசுக்கு ஒரு தொகை கட்டி, மக்களிடம் வரி வசூலிக்கும் உரிமையை எடுத்தவர் அவர். 1794-இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட வேதியியலாளர் லவாய்சியே அப்படி ஒருவர். அவரை 'வரி உழவர்' ஆக்கிவிடாதீர்கள், வரிக் குத்தகைதாரர்.

பேடக் மட்டும் எனக்குப் பிடிபடாமல் நிற்கிறது. பிரிட்டனில் குதிரை லாயத்தை ஒட்டிய சிறு அடைப்பு. ஆஸ்திரேலியாவில் வேலி போட்ட எந்த நிலமும், எவ்வளவு பெரிதானாலும். இப்போதைக்கு 'வேலிப்புலம்' என்று குறித்துவைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுவோம்.