ரெக்டிஃபயர் இணைத்தால் மட்டும் ரோட்டார் சூடேறுகிறது: அதிவேகக் கப்பல் ஜெனரேட்டர் குறித்து உதவி தேவை

கேள்வி

வணக்கம். ரோந்துக் கப்பல் ஒன்றின் நேர்மின்னோட்ட (DC) வலையமைப்புக்காக, வாயு டர்பைனுடன் கியர்பாக்ஸ் இன்றி நேராக இணையும் 200 கிலோவாட் ஜெனரேட்டரைச் சோதனை மேடையில் ஓட்டி வருகிறோம். வேகம் நிமிடத்துக்கு 15,000 சுற்று. 4 துருவங்கள் என்பதால் அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். சுழலும் பகுதியான ரோட்டாரில் நியோடிமியக் காந்தங்களும் அவற்றின் மேல் கார்பன் இழை உறையும் உள்ளன.

மின்தடைச் சுமையில் முழுத் திறனில் ஓட்டிவிட்டு, சுமையை விலக்கியவுடன் அதே வேகத்தில் அளந்தால், மின்னழுத்தம் குளிர்நிலையைவிட 2 சதவீதம் குறைகிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஆறு டையோடு ரெக்டிஃபயர் வழியாக அதே திறனை எடுத்தால் 6 சதவீதம் குறைகிறது. ஆறியபின் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. கம்பிச் சுற்றுகள் உள்ள அசையாப் பகுதியான ஸ்டேட்டாரின் வெப்பநிலையில் பெரிய மாற்றமில்லை. ஸ்டேட்டாருக்குக் குளிர்விப்பைக் கூட்டினால் போதுமா?

மறுமொழி 1

போதாது. நியோடிமியக் காந்தத்தின் வலிமை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.12 சதவீதம் குறையும் என்பதால், உங்கள் 6 சதவீத மின்னழுத்தக் குறைவு, காந்தங்கள் சுமார் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறியதைக் காட்டுகிறது. மின்னழுத்தம் திரும்பி வருவதால் காந்தங்கள் இன்னும் நிரந்தரமாக வலிமை இழக்கவில்லை.

ஆறு டையோடு ரெக்டிஃபயர் இழுக்கும் மின்னோட்டத்தில் 5-ஆம், 7-ஆம் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 5, 7 மடங்கில் அமையும் கூறுகள்) உண்டு. முன்னது ரோட்டாருக்கு எதிர்த்திசையிலும் பின்னது அதே திசையிலும் சுழல்வதால், ரோட்டார் இரண்டையுமே 6 மடங்கு அதிர்வெண்ணாக, அதாவது 3,000 ஹெர்ட்ஸாக உணர்கிறது. அது காந்தங்களுக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அவற்றைச் சூடாக்குகிறது. கார்பன் இழை உறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெப்பம் உள்ளேயே தங்கிவிடும், ஸ்டேட்டாரில் பதித்த உணரிகளுக்கும் அது தெரியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமா?

மறுமொழி 1

அதைக் கடைசி வழியாக வையுங்கள். இயந்திரத்தின் பருமனைத் தீர்மானிப்பது திறனன்று, முறுக்குவிசை. வேகத்தைப் பாதியாக்கினால் அதே திறனுக்கு முறுக்குவிசை இருமடங்காகும், இடமும் எடையும் மிச்சமாகும் என்று அதிவேகத்தைத் தேர்ந்ததன் பயனே போய்விடும். குயின் எலிசபெத் வகை விமானந்தாங்கிக் கப்பல்களில் உள்ள 36 மெகாவாட் எம்.டி.30 போன்ற பெரிய டர்பைன்கள் 3,600 சுற்றை ஒட்டியே ஓடுவதால் அங்கே இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. சிறிய டர்பைன்கள் இயல்பாகவே பன்மடங்கு வேகமாக ஓடுபவை.

நிலையான தீர்வு, 30 மின்பாகை (மின்னலையின் ஒரு முழுச் சுழற்சி 360 மின்பாகை) இடைவெளியுள்ள இரு மூன்று கட்டக் கம்பிச் சுற்றுகளை ஸ்டேட்டாரில் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ரெக்டிஃபயர் கொடுப்பதுதான். ரோட்டாருக்கும் ஸ்டேட்டாருக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியில், இரு சுற்றுகளின் 5-ஆம் சீரிசைகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும், 7-ஆம் சீரிசைகளும் அவ்வாறே. எஞ்சும் 11-உம் 13-உம் வலுக்குறைந்தவை. அடுத்த ரோட்டாரில் காந்தங்களை அச்சு நெடுகச் சிறு துண்டுகளாக்கி, இடையில் மின்காப்பு வையுங்கள்.

மறுமொழி 2

ஒன்றைச் சேர்க்கிறேன். நிலைக்காந்த ரோட்டாரின் காந்தப்புலத்தை அணைக்க இயலாது; ஸ்டேட்டாருக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், தண்டு சுழலும்வரை ஜெனரேட்டரே அந்தப் பழுதுக்கு மின்னோட்டம் ஊட்டிக்கொண்டிருக்கும். இரு சுற்றுகளையும் ஸ்டேட்டாரின் வெவ்வேறு காடிகளில் (கம்பி பதிக்கும் பள்ளங்களில்) வைத்து, டர்பைனின் எரிபொருளை உடனே நிறுத்தும் ஏற்பாட்டையும் இப்போதே வடிவமைப்பில் சேர்த்துவிடுங்கள். நிலையான தீர்வு அமையும்வரை ரெக்டிஃபயருக்கு முன்னால் தொடர்மின்தூண்டிகளை (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தைத் தடுக்கும் கம்பிச்சுருள்களை) இணைத்துச் சோதிக்கலாம்; 500 ஹெர்ட்ஸில் அவற்றின் மின்னழுத்த வீழ்ச்சி கணிசமாக இருக்கும் என்பதால், சிறிய மதிப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் சுமையற்ற மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.