மாமியாரின் கைப்பக்குவத்தை எழுதி வைக்க: அளவு கப்பிலா, கையிலா?

செல்வி, பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பழைய சமையல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1796-ல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸ் புத்தகத்தில் மக்காச்சோள மாவுப் புட்டிங் ஒன்று வருகிறது. ஒரு பைண்ட் (சுமார் அரை லிட்டர்) மாவில் உப்புப் போட்டு, ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) பாலில் நனைத்து, இனிப்பு சேர்த்து, கெட்டித் துணியிலோ மண்சட்டியிலோ தண்ணீர் புகாமல் கட்டி 12 மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார். இனிப்பு எவ்வளவு, தீ எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

என் மாமியாரும் இப்படித்தான். "களிக்கு மாவு எவ்வளவு அத்தை?" என்றால் "தண்ணியே சொல்லும்" என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சமையலை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆசையாக இருக்கிறது. கப், ஸ்பூன் என்று மாற்றி எழுதட்டுமா, அவர் சொல்கிறபடியே விடட்டுமா?

ஓசூர்க்காரன்

கப், ஸ்பூன்தான் அக்கா. 1896-ல் ஃபேனி ஃபார்மர் பாஸ்டன் சமையல் பள்ளிக்காக எழுதிய புத்தகத்தைப் பாருங்கள். கப்போ ஸ்பூனோ, மேலே குவியாமல் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் அவர். பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லாததால் முதல் 3,000 பிரதிகளின் செலவை ஃபார்மரே ஏற்றார். அப்புறம் அந்தப் புத்தகம் அமோகமாக விற்றது. நம் படி ஊருக்கு ஊர் மாறும். ஒரே கப்பால் அளந்தால் அளவு மாறாது.

அரூர் நூலகர் (ஓய்வு)

தம்பி சொல்வது சரி. ஆனால் செல்வி அம்மாவுக்கு நான் காட்ட விரும்புவது வேறொரு புத்தகம். 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆபி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண்மணியின் சமையல் புத்தகம் வந்தது. அடிமையாகப் பிறந்தவர். அவருக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். ஆனால் அட்டையில் இருப்பது அவர் பெயர்தான்.

அந்தப் புத்தகத்தின் கடைசிக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள். கைக்குழந்தைக்கான கஞ்சி அது. ஒரு பைண்ட் கோதுமை மாவைச் சலித்து, சுத்தமான துணியில் தண்ணீர் புகாமல் இறுக்கிக் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் 2 மணி நேரம் வேகவிட வேண்டும். ஆறியதும் மேலே ஓடுபோல் இறுகியதை நீக்கிவிட்டு, வேண்டும்போது ஒரு மேசைக்கரண்டி அளவு துருவி, கொதிக்கும் பாலில் கலந்து, சர்க்கரை சேர்த்து ஊட்ட வேண்டும். அதோடு தாம் 11 பிள்ளைகளைப் பெற்று, எல்லோரையும் இதைக் கொடுத்தே வளர்த்ததாகச் சொல்கிறார். நம் பக்கம் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சி ஊட்டுகிறோமே, அதை எந்தப் பாட்டியாவது இப்படிச் சொல்லி, யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அதனால் முதலில் உங்கள் மாமியார் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "தண்ணியே சொல்லும்" என்பதையும் விடாதீர்கள். அவர் களி கிண்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். நொய் வெந்ததும் மாவை எப்படிக் குவிக்கிறார், நடுவில் கோலால் குழி போட்டு எவ்வளவு நேரம் கொதிக்க விடுகிறார், ஈரக் கையால் தொட்டு ஒட்டவில்லை என்றால்தானே இறக்குகிறார், இதெல்லாம் எந்தக் கப்பிலும் வராது. அடுத்த முறை, அவர் அள்ளிய மாவைக் குண்டானில் போடும் முன் தராசில் வைத்து, கிராம் கணக்கை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருக்கட்டும்.

பெயரை மட்டும் மறக்காதீர்கள். நோட்டின் மேல் உங்கள் பெயர் அல்ல, அவர் பெயர்.

தேன்கனிக்கோட்டை மீனா

அந்த மக்காச்சோளப் புட்டிங்கைச் செய்து பார்க்க நினைத்தால், அதே சிம்மன்ஸ் புத்தகத்தில் முட்டை சேர்த்த இன்னொரு வகையும் இருக்கிறது அக்கா. 3 பைண்ட் பாலுக்கு 7 முட்டை. அந்தக் காலத்து முட்டை சின்னது, அதனால் நாட்டுக்கோழி முட்டையே போடுங்கள்.

செல்வி, பாலக்கோடு

ரொம்ப நன்றி ஐயா. களிக்கு முன்னால் கேழ்வரகுப் பாலைத்தான் எழுதப் போகிறேன். அத்தைதான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சிக் கொடுத்தார், எனக்கு இன்னும் பதம் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொண்டு பிறகு எழுதலாமா?

அரூர் நூலகர் (ஓய்வு)

தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. ஆனால் எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எங்கே விட்டுப்போனது என்று அவரே சொல்வார்.